எந்த டிபார்ட்மென்ட் கஷ்டம்? சாய்ஸ் போடும் முன் ஒப்பிட்டுப் பார்க்கும் வழி

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து இன்ஜினியரிங் கவுன்சலிங் முடியும்வரை வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் இதையேதான் சொல்வார்கள்: "ஈசிஇ ரொம்பக் கஷ்டமாமே, சிஎஸ் ஈஸியாமே, மெக்கானிக்கல் எடுத்தா படம் வரைஞ்சே ஓய்ஞ்சு போயிடணுமாமே?" (ஈசிஇ என்றால் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன், சிஎஸ் என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ்.) சொல்பவர் பெரும்பாலும் அந்தப் பிரிவைப் படித்திருக்க மாட்டார். அக்கா மகன் நாலு அரியர் (பாஸாகாமல் நிற்கும் பேப்பர்) வைத்ததைக் கேள்விப்பட்டிருப்பார், அவ்வளவுதான்.

அரியர் பேப்பர்களுக்கு டியூஷன் எடுப்பது என் பிழைப்பு. எல்லாப் பிரிவுப் பிள்ளைகளின் புலம்பலும் என் காதுக்கு வந்து சேரும். அதை வைத்துச் சொல்கிறேன்: ஒவ்வொரு பிரிவிலும் கஷ்டம் ஒரு குறிப்பிட்ட இடத்தில் குவிந்து கிடக்கிறது. ஒன்றில் கணக்கு, இன்னொன்றில் படம், வேறொன்றில் பரீட்சைக்கு வெளியே. அந்த இடமும் உங்களுக்கு வராத இடமும் ஒன்றாக இருந்தால் அது உங்களுக்குக் கஷ்டமான பிரிவு. பக்கத்து பெஞ்சில் இருப்பவனுக்கு அதே பிரிவு சுலபமாக இருக்கலாம்.

இதைச் சேர்வதற்கு முன்பே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். கீழே வரும் கணக்குகள் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளின் 2021 ரெகுலேஷனை (பாடத்திட்டமும் தேர்வு விதிகளும்) வைத்தவை. ரெகுலேஷன் சில வருடங்களுக்கு ஒருமுறை மாறும், தன்னாட்சிக் கல்லூரிகளுக்குத் தனிப் பாடத்திட்டம் உண்டு. உங்கள் பேட்ச்சுக்கு எது என்று பார்த்துக்கொண்டு இதே முறையைப் போட்டுப் பாருங்கள்.

முதல் வேலை: கட் ஆஃபைப் பிரித்துப் போடுங்கள்

கட் ஆஃப் 200-க்கு எப்படி வருகிறது என்று தெரிந்திருக்கும். கணிதம் முழுதாக 100, இயற்பியல் பாதியாக 50, வேதியியல் பாதியாக 50. ரேங்க் போட அந்த எண் போதும். உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள அது போதாது.

ஒரு மாணவி கணிதத்தில் 95, இயற்பியலில் 70, வேதியியலில் 80 வாங்கியிருக்கிறாள். 95, 35, 40 சேர்ந்து 170. இன்னொருவன் கணிதத்தில் 75, மற்ற இரண்டிலும் 95. அவனுக்கும் 75, 47.5, 47.5 என்று அதே 170. கவுன்சலிங்கில் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே சீட்டுகள்தான் கண்ணில் படும். ஆனால் இருவரும் ஈசிஇ எடுத்தால் மூன்றாம் செமஸ்டரில் இருவருக்கும் ஒரே அனுபவம் இருக்காது.

இதையும் தாண்டி, ஒரு தாளில் நேர்மையாக எழுதிப் பாருங்கள். கணிதத்தில் வாங்கிய மார்க் புரிந்து வாங்கியதா, புக் பேக் கணக்கை மனப்பாடம் செய்து வாங்கியதா? இன்டகிரேஷனைப் பார்த்தால் கை தானாகப் போகிறதா? வெக்டர் பாடத்தில் படம் மனத்தில் வந்ததா, இல்லை ஃபார்முலா மட்டும் வந்ததா? பத்துப் பக்கம் தியரி படித்தால் மறுநாள் எவ்வளவு நிற்கிறது? இந்த நாலுக்கும் பதில் உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அப்பா அம்மாவிடம் காட்டத் தேவையில்லாத தாள் இது.

"கஷ்டம்" என்று எதைச் சொல்கிறீர்கள்?

பாஸாவது, நல்ல சிஜிபிஏ (எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த கிரேடு சராசரி) எடுப்பது, படிப்புக்குப் பிறகு வேலைக்குத் தயாராவது. மூன்றும் தனித்தனி. இதைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை.

பாஸாவதன் கணக்கு இப்படி: லேப் இல்லாத பேப்பரில் இன்டர்னல் (கல்லூரியே போடும் மார்க்) 40, செமஸ்டர் பரீட்சை 60. இரண்டும் சேர்ந்து 50 வேண்டும். அதோடு செமஸ்டர் பரீட்சையில் மட்டும் தனியாக 45 சதவீதம் வேண்டும். அதாவது நூறுக்கு எழுதும் தாளில் 45, அதை அறுபதுக்குக் குறைத்தால் 27. இன்டர்னலில் 23 வைத்திருப்பவர் தாளில் 45 எடுத்தாலே தப்பித்துவிடுவார். இன்டர்னலில் 15 மட்டும் வைத்திருப்பவருக்குப் பரீட்சையில் இருந்து 35 வர வேண்டும், அதற்குத் தாளில் 59 எடுக்க வேண்டும். ஒரே பேப்பர், ஒரே கேள்வித்தாள், ஒருவருக்கு 45, இன்னொருவருக்கு 59. ஒரு பிரிவு "கஷ்டம்" என்று பெயர் வாங்குவதில் இந்த இன்டர்னலுக்கும் பெரிய பங்கு இருக்கிறது.

கேள்வித்தாளில் பார்ட் ஏ பத்து டூ மார்க், பார்ட் பி ஐந்து பதிமூன்று மார்க், பார்ட் சி ஒரு பதினைந்து மார்க். டூ மார்க்கை முழுதாக எழுதினால் 20 வந்துவிடும், இன்னும் 25 தேடினால் போதும். தியரி பேப்பரில் படமும் பாயின்ட்டும் போட்டு அந்த 25-ஐச் சேர்த்துவிடலாம். கணக்குப் பேப்பரில் முதல் ஸ்டெப்பே வரவில்லை என்றால் பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கும். பாஸ் என்ற ஒரு கோணத்தில் மட்டும் பார்த்தால், கணக்குப் பேப்பர் அதிகமுள்ள பிரிவில் அரியர் விழும் ஆபத்து அதிகம். சிஜிபிஏ கோணத்தில் பார்த்தால் இது தலைகீழாகும்: கணக்கு வருகிறவருக்குக் கணக்குப் பேப்பரில்தான் அள்ளலாம், தியரியில் எவ்வளவு எழுதினாலும் திருத்துபவர் கை கொஞ்சம் இழுக்கும்.

முதல் வருடத்தை வைத்து எடை போடாதீர்கள்

சிலபஸ் பிடிஎஃப்பைத் திறந்ததும் எல்லாரும் முதல் பக்கத்தைப் பார்க்கிறார்கள். முதல் செமஸ்டரில் மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ், இன்ஜினியரிங் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பைத்தான், ஆங்கிலம், தமிழர் மரபு. சிவிலுக்கும் இதேதான், சிஎஸ்-க்கும் இதேதான். இரண்டாம் செமஸ்டரில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அண்ட் நியூமெரிக்கல் மெத்தட்ஸும் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸும் பெரும்பாலும் பொது. கம்ப்யூட்டர் படிக்க வந்த பிள்ளையும் படம் வரையும் டிராஃப்டரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான்.

மூன்று, நான்கு, ஐந்தாம் செமஸ்டர் பக்கங்களுக்குப் போங்கள். பிரிவின் நிஜ முகம் அங்கேதான். ஒவ்வொரு பேப்பருக்கும் நேராக "க" அல்லது "ப" என்று பென்சிலில் குறியுங்கள். கணக்குப் போட்டால்தான் பாஸ் என்றால் "க", படித்து எழுதினால் பாஸ் என்றால் "ப". பெயரைப் பார்த்துக் குறிக்காதீர்கள், ஐந்து யூனிட்டையும் வாசித்துக் குறியுங்கள். பெயரில் மேத்தமேடிக்ஸ் என்று இல்லாத பேப்பரில்தான் கணக்கு ஒளிந்திருக்கும்.

ஈசிஇ, ட்ரிபிள் ஈ

ட்ரிபிள் ஈ என்றால் எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ். குறித்துப் பார்த்தால் இந்த இரண்டிலும் "க" வரிசையாக விழும். ஈசிஇ மூன்றாம் செமஸ்டரில் ரேண்டம் ப்ராசஸஸ் அண்ட் லீனியர் ஆல்ஜிப்ரா என்ற கணிதப் பேப்பர். அதே செமஸ்டரில் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ், கன்ட்ரோல் சிஸ்டம்ஸ். அடுத்ததில் எலக்ட்ரோமேக்னடிக் ஃபீல்ட்ஸ், டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங். பெயரில் கணிதம் ஒன்றுதான் இருக்கிறது, உள்ளே எல்லாமே கணிதம்.

எலக்ட்ரோமேக்னடிக் ஃபீல்ட்ஸ் ஏன் பலரைக் கவிழ்க்கிறது என்று கொஞ்சம் நின்று பார்க்கலாம். ப்ளஸ் டூவில் காஸ் விதியைப் படித்தீர்கள். நீண்ட கம்பி, கோளம், தட்டு என்று சமச்சீரான மூன்று உருவங்கள், மூன்றுக்கும் விடை புத்தகத்திலேயே இருந்தது. இங்கே அதே விதி டைவர்ஜென்ஸ், கர்ல் என்ற வேடத்தில் வருகிறது. கணக்கைச் சதுர அச்சில் போடுவதா, சிலிண்டர் அச்சில் போடுவதா, கோள அச்சில் போடுவதா என்று நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். தப்பான அச்சை எடுத்தால் இரண்டு பக்கம் எழுதியும் விடை வராது. விதி பழையதுதான், முடிவெடுக்கும் பொறுப்புதான் புதிது. இதைப் பழக்கப்படுத்திக்கொண்டவர்களுக்கு ஈசிஇ இனிக்கவே செய்யும்.

சிக்னல்ஸில் கன்வல்யூஷன் என்று ஒன்று வரும். ஒரு சிக்னலைத் திருப்பிப் போட்டு, இன்னொன்றின் மேல் நகர்த்தி, ஒன்றின் மேல் ஒன்று விழும் பரப்பை ஒவ்வொரு கட்டமாக இன்டகிரேட் செய்ய வேண்டும். லிமிட் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில்தான் எல்லாரும் வழுக்குவார்கள். படம் வரைந்து பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் தப்பிப்பார்கள்.

ட்ரிபிள் ஈ-யில் இந்தக் கணக்கோடு மெஷின்ஸ் சேர்கிறது. டிரான்ஸ்ஃபார்மர், டிசி மெஷின், இண்டக்‌ஷன் மோட்டார், சின்க்ரனஸ் மெஷின். அந்த லேப் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அங்கே மனப்பாடம் செல்லாது. டிசி ஷன்ட் மோட்டாரைக் கிளப்பும் முன் ஃபீல்டு (காந்தப்புலம் தரும் சுருள்) ரியோஸ்டாட்டைக் குறைந்தபட்சத்திலும் ஆர்மேச்சர் (சுழலும் சுருள்) ரியோஸ்டாட்டை அதிகபட்சத்திலும் வைக்க வேண்டும்; ரியோஸ்டாட் என்பது கூட்டிக் குறைக்கக்கூடிய மின்தடை. ஏன் என்று வைவாவில் கட்டாயம் கேட்பார்கள். ஃபீல்டு குறைந்தால் வேகம் எகிறும், ஃபீல்டு இணைப்பு அறுந்தே போனால் மோட்டார் கட்டுப்பாடில்லாமல் ஓடும். நிற்கும் மோட்டாரில் பேக் இஎம்எஃப் (சுழலும்போது மோட்டாரே எதிர்த்திசையில் உண்டாக்கும் மின்னழுத்தம்) இருக்காது, அதனால் ஆர்மேச்சரில் தடை இல்லாவிட்டால் கரன்ட் கொட்டும். இந்தக் காரணம் உங்களுக்குச் சுவாரசியமாக இருக்கிறதா? அப்படியானால் ட்ரிபிள் ஈ-யைப் பற்றி ஊர் சொல்லும் பயத்தைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மெக்கானிக்கல்

இங்கே கஷ்டம் அகலத்தில் இருக்கிறது. மூன்றாம் செமஸ்டரிலேயே டிரான்ஸ்ஃபார்ம்ஸ் கணிதம், இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ், தெர்மோடைனமிக்ஸ், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், மெட்டலர்ஜி, மேனுஃபேக்சரிங் ப்ராசஸஸ். ஒன்றுக்கொன்று ஒட்டாத ஆறு உலகம். காலையில் என்ட்ரோபி, மதியம் வார்ப்படம், மறுநாள் ஃப்ரீ பாடி டயகிராம். எதிலும் ஈசிஇ அளவுக்கு ஆழமான கணிதம் இல்லை என்பது என் கருத்து. ஆனால் ஒவ்வொன்றுக்கும் மூளையை மாற்றிப் போட வேண்டும்.

பரீட்சையில் ஸ்டீம் டேபிளும் டிசைன் டேட்டா புக்கும் கையில் கொடுக்கிறார்களே, அப்புறம் என்ன என்று கேட்பார்கள். டேட்டா புக்கைப் பழகாதவருக்கு அது கையில் இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். எந்தப் பக்கத்தில் எந்த டேபிள் என்று தேடுவதிலேயே மூன்று மணி நேரம் கரைந்துவிடும்.

படத்தைப் பற்றிய பயம் மட்டும் நியாயமானது. இரண்டாம் செமஸ்டர் கிராஃபிக்ஸில் ஒரு கணக்கு: அடிப்பக்கம் 30 மி.மீ., அச்சு 60 மி.மீ. உள்ள அறுகோணப் பிரமிடு, அடிப்பக்கத்தின் ஒரு விளிம்பில் தரையில் நிற்கிறது, அச்சு தரைக்கு 45 பாகை சாய்ந்திருக்கிறது, முன் தோற்றமும் மேல் தோற்றமும் வரை. கண்ணை மூடினால் அந்தப் பிரமிடு சாய்ந்து நிற்பது தெரிகிறதா? தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் சோப்பிலோ உருளைக்கிழங்கிலோ ஒன்றை வெட்டி வைத்துப் பாருங்கள், பழகப் பழக வரும். மற்ற பிரிவுக்காரர்களுக்கு அந்த ஒரு பேப்பரோடு முடிந்தது. மெக்கானிக்கலிலும் சிவிலிலும் படம் கடைசி வரை கூடவே வரும்.

சிவில்

"ஈஸி" என்று தவறாகப் பெயர் வாங்கிய பிரிவு. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், ஸ்ட்ரக்சரல் அனாலிசிஸ், ஆர்சிசி டிசைன், சாயில் மெக்கானிக்ஸ் நாலும் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்பவை. பெண்டிங் மொமென்ட் டயகிராம் வரையத் தெரியாமல் ஸ்ட்ரெங்த்தைத் தட்டுத் தடுமாறிப் பாஸானவர், ஆர்சிசியில் ஐஎஸ் 456 என்ற கான்கிரீட் விதிப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு விழிப்பார். மெக்கானிக்கலில் ஒரு பேப்பர் கோட்டை விட்டாலும் இன்னொன்றில் பிடித்துக்கொள்ளலாம், சிவிலில் அடித்தளம் போனால் மேலே எல்லாம் ஆடும்.

சர்வே வெயிலில் நிற்கும் வேலை. லெவலிங் (நிலத்தின் உயர வித்தியாசத்தை அளப்பது) முடிந்ததும் பேக் சைட் (பின்பக்க ரீடிங்) கூட்டலிலிருந்து ஃபோர் சைட் (முன்பக்க ரீடிங்) கூட்டலைக் கழித்தால் வருவதும், கடைசிப் புள்ளியின் உயரமான ஆர்எல்-லிலிருந்து முதல் ஆர்எல்-லைக் கழித்தால் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும். டாலி ஆகவில்லை என்றால் கணக்கை முதலிலிருந்து பார்க்க வேண்டும். டாலி ஆனாலும் ஸ்டாஃபில் (அளவுகோலில்) படித்த ரீடிங் தப்பாக இருக்கலாம், அதை இந்தச் செக் காட்டிக்கொடுக்காது. பொறுமையும் ஒழுங்கும் உள்ளவர்கள் சிவிலில் ஜொலிப்பார்கள்.

சிஎஸ், ஐடி, ஏஐ டேட்டா சயின்ஸ்

பரீட்சையை மட்டும் வைத்துப் பார்த்தால் இவற்றில் "ப" அதிகம். டிபிஎம்எஸ் (டேட்டாபேஸ்), ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க்ஸ் எல்லாம் ஒழுங்காகப் படித்தால் பாஸ். டிஸ்க்ரீட் மேத்தமேடிக்ஸும் தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷனும்தான் பல்லைக் காட்டும். அங்கே வரும் கணிதம் ப்ளஸ் டூ கணிதத்துக்கு உறவே இல்லாதது. இன்டகிரேஷன் இல்லை, நிரூபிக்க வேண்டும். இன்டகிரேஷனில் சென்டம் வாங்கியவர் பம்பிங் லெமா என்ற நிரூபணத்தில் மாட்டுவதும், கால்குலஸில் திணறியவர் ஆட்டோமேட்டாவைச் சடசடவென்று வரைவதும் சாதாரணம். ஏஐ டேட்டா சயின்ஸில் ப்ராபபிலிட்டி, லீனியர் ஆல்ஜிப்ரா இன்னும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

சிஎஸ்-இன் நிஜக் கஷ்டம் சிலபஸில் எழுதப்படவில்லை. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸில் ஓ கிரேடு (உச்ச கிரேடு) வாங்கியவரிடம் ஒரு லிங்க்டு லிஸ்ட்டைத் திருப்பும் ப்ரோக்ராமைப் பார்க்காமல் எழுதச் சொல்லுங்கள். லேப் ரெக்கார்டைப் பார்த்து எழுதியவருக்கும் நிஜமாகவே எழுதியவருக்கும் வித்தியாசம் அங்கே தெரிந்துவிடும். கம்பெனிகளின் கோடிங் ரவுண்டு கேட்பது இதைத்தான். நாலு வருடம் மாலை நேரங்களில் தானாக உட்கார்ந்து கோடு எழுதினால்தான் இந்தப் பிரிவில் சேர்ந்ததற்குப் பலன். அதனால் "சிஎஸ் ஈஸி" என்பது பாதி உண்மை: பாஸாவது எளிது, வேலைக்குத் தயாராவது எளிதில்லை.

கெமிக்கல், ஏரோ, பயோ வகைகள்

கெமிக்கல் இன்ஜினியரிங்குக்கும் ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரிக்கும் ரொம்ப தூரம். ஆர்கானிக் ரியாக்‌ஷன் பிடிக்கும் என்று எடுத்தால் ஏமாற்றம்தான். உள்ளே மாஸ் பேலன்ஸ், ஹீட் டிரான்ஸ்ஃபர், தெர்மோடைனமிக்ஸ் என்று பாதி மெக்கானிக்கல் வாடை. ஏரோநாட்டிக்கலை மெக்கானிக்கலின் கணிதம் கூடிய தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பயோமெடிக்கலில் உடற்கூறியலும் எலக்ட்ரானிக்ஸ் சர்க்யூட்டும் ஒரே செமஸ்டரில் வரலாம், இரண்டு விதமான படிப்பும் வருகிறவர்களுக்கு மட்டும்.

இரண்டு மணி நேரச் சோதனை

சிலபஸைக் குறித்து முடித்ததும் இரண்டு பிரிவுகள் மிஞ்சும். ஒவ்வொன்றிலும் மூன்றாம் செமஸ்டர் பேப்பர் ஒன்றை எடுங்கள். ஈசிஇ என்றால் சிக்னல்ஸ், மெக்கானிக்கல் என்றால் இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ், சிஎஸ் என்றால் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ். என்பிடெல் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. முதல் இரண்டு வகுப்பைப் பாருங்கள். பிறகு பழைய கேள்வித்தாளில் முதல் யூனிட் பதிமூன்று மார்க் கேள்வி ஒன்றை எடுத்து, விடையைப் பார்க்காமல் உட்காருங்கள்.

விடை வராது, வர வேண்டியதும் இல்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு: அரை மணி நேரம் கழித்து "இன்னும் கொஞ்சம் முட்டிப் பார்க்கலாம்" என்று தோன்றுகிறதா, கை போனைத் தேடுகிறதா? முட்டத் தோன்றும் பிரிவில் அரியர் விழுந்தாலும் எழுந்துவிடுவீர்கள்.

தமிழ் வழியில் படித்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் வருடம் கணக்குப் பேப்பரைவிட தியரி பேப்பர்தான் உங்களைப் படுத்தும், ஏனென்றால் குறியீடு எந்த மொழியிலும் ஒன்று, பதிமூன்று மார்க் விடையை ஆங்கிலத்தில் எழுதுவதுதான் மலைப்பு. ஆக "ப" அதிகம் உள்ள பிரிவு எளிது என்ற கணக்கு உங்களுக்கு முதல் இரண்டு செமஸ்டரில் பொருந்தாது. அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ் வழியில் தொடங்கியது, அந்த வாய்ப்பையும் விசாரித்துப் பாருங்கள். டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாம் ஆண்டு சேர்கிறவர்கள், சேர்வதற்கு முந்தைய விடுமுறையிலேயே கால்குலஸைத் தொட்டுவிடுங்கள். லேபில் நீங்கள்தான் ராஜா, ஆனால் மூன்றாம் செமஸ்டர் கணிதம் முதல் வருடக் கணிதம் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கும்.

கல்லூரியையும் கணக்கில் சேருங்கள்

ஒரே ட்ரிபிள் ஈ, ஒரு கல்லூரியில் எளிது, இன்னொன்றில் நரகம். இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர் வாரியாக வெளியிடுகிறது. அதைப் பாருங்கள், ஆனால் அது கல்லூரி முழுமைக்கும் சேர்த்த எண். உங்கள் பிரிவின் நிலை தெரிய அங்கே மூன்றாம் வருடம் படிக்கும் ஒருவரைப் பிடியுங்கள். "காலேஜ் எப்படி?" என்று கேட்டால் "சூப்பர்" என்பார். "நெட்வொர்க் தியரிக்கு யார் எடுத்தாங்க? செமஸ்டர் நடுவுல சார் மாறினாரா? இன்டர்னல் எவ்வளவு போடுவாங்க? உங்க கிளாஸ்ல எத்தனை பேருக்கு ஸ்டாண்டிங் அரியர்?" என்று கேளுங்கள். பிறகு பேச்சு நிற்காது.

சாய்ஸ் வரிசை

கடைசியாக, தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சலிங்கின் டிஎன்இஏ பக்கத்தில் சாய்ஸ் பதியும்போது ஒன்றைக் கவனியுங்கள். எத்தனை வேண்டுமானாலும் போடலாம் என்பதால் பெயருள்ள கல்லூரி என்று, பிடிக்காத பிரிவையும் மேலே போட்டு வைப்பார்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்து, கிடைத்ததை ஏற்றுக்கொண்டு மேல் சாய்ஸுக்குக் காத்திருக்கிறேன் என்று அப்வர்ட் கொடுத்தால், மேலே இருப்பதில் எது காலியானாலும் உங்களை அங்கே தூக்கிப் போட்டுவிடும். கையில் இருந்த சீட் போய்விடும். ஆகவே லாக் செய்யும் முன் பட்டியலை மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாக வாசித்து, "க", "ப" குறித்த தாளோடு ஒப்பிட்டு, நாலு வருடம் உட்கார முடியாது என்று தோன்றும் வரியை அழித்துவிட்டு லாக் செய்யுங்கள்.